போனில் வந்த சீட்டுக்கு இன்சுலின் கிடைக்குமா?

சுகர் ஊசி, சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப், மருந்துச்சீட்டு பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் நம் வடசென்னைக்காரர்களுடையதே அதிகம். தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தெருவில் 31 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். சட்டத்தில் என்ன இருக்கிறது, கவுண்டரில் என்ன நடக்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன். "எத்தனை யூனிட் கூட்டலாம், குறைக்கலாம்" என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் இல்லை. அதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. டாக்டர் வீடியோ காலில் பார்த்துவிட்டு மருந்துச்சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒரு கடையில் போனைக் காட்டியதும் இன்சுலின் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் இன்னொரு கடையில் "பேப்பர் கொண்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். யார் செய்தது சரி?
— ஆர்.எம்., கொருக்குப்பேட்டை

பதில்: வீடியோவில் பார்த்து அனுப்பிய சீட்டு செல்லும். ஆனால் அது சீட்டாக இருக்க வேண்டும்.

இன்சுலின் 'ஷெட்யூல் எச்' பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அந்தச் சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆம் விதி சொல்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், டாக்டர் வழக்கமாகப் போடும் கையெழுத்தும் தேதியும் வேண்டும், யாருக்கு மருந்தோ அவருடைய பெயரும் முகவரியும் வேண்டும், மொத்தம் எவ்வளவு கொடுப்பது, எந்த அளவில் போடுவது என்பதும் வேண்டும். இந்த விதி எழுதப்பட்ட காலத்தில் சீட்டு என்றால் காகிதம்தான். 2000ஆம் ஆண்டில் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்துக்கும் மின்னணுக் கையொப்பத்துக்கும் அங்கீகாரம் கொடுத்தது. அப்புறம் கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், 2020 மார்ச் 25 அன்று, தொலைமருத்துவ வழிகாட்டுதல் வந்தது. கையெழுத்துப் போட்ட சீட்டின் போட்டோவையோ ஸ்கேனையோ மின்சீட்டையோ டாக்டர் மின்னஞ்சலிலும் மெசேஜிலும் நோயாளிக்கு அனுப்பலாம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது.

ஆகவே முதல் கடைக்காரர் சீட்டைப் படித்துப் பார்த்துக் கொடுத்திருந்தால் தவறே இல்லை. "போனைக் காட்டியதும்" கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வார்த்தைதான் உறுத்துகிறது. நான் போனைக் கையில் வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர் எல்லாவற்றையும் பார்ப்பேன். போன வாரம் ஒருவர் கொண்டுவந்த படத்தில் கையெழுத்து இருக்கும் பகுதியே வெட்டுப்பட்டிருந்தது. முழுப் படத்தையும் அனுப்பச் சொன்னேன், ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. இன்னொரு அம்மா டாக்டரின் குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். குரல் பதிவும் "பழைய மருந்தையே தொடருங்கள்" என்ற ஒரு வரி மெசேஜும் சீட்டு ஆகாது.

இரண்டாவது கடைக்காரரின் பயமும் எனக்குப் புரிகிறது. மறுபடியும் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் தவிர, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. கொடுத்ததும் டாக்டரின் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, தேதியைக் குறிக்க வேண்டும். இதுவும் அதே 65ஆம் விதிதான். காகிதம் என்றால் முத்திரையைக் குத்திவிடலாம். போன் திரையில் எங்கே குத்துவது? ஒரே படத்தைக் காட்டிப் பத்துக் கடையில் வாங்க முடியும். நான் படத்தைப் பிரிண்ட் எடுத்து, முத்திரை குத்தி, கொடுத்த அளவை எழுதி, அதையே போட்டோ எடுத்து நோயாளிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அடுத்த முறை எந்தக் கடைக்குப் போனாலும் அதைத்தான் காட்ட வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறேன். பிரிண்டுக்குக் காசு வாங்குவதில்லை.

நீங்கள் இரண்டாவது கடையில் காட்டியது புதுச் சீட்டா, போன மாதப் படமா என்று எழுதவில்லை. போன மாதத்துடையது என்றால் அவர் மறுத்தது சரி. டாக்டரிடம் "மூன்று மாதத்துக்கு, மாதம் ஒரு முறை கொடுக்கலாம்" என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் எங்களுக்கும் தயக்கம் இருக்காது, உங்களுக்கும் அலைச்சல் இல்லை.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். டாக்டர் சீட்டை நேராக ஒரு கடைக்கு அனுப்புவதானால் நோயாளியின் சம்மதம் வேண்டும், எந்தக் கடை என்பதும் நோயாளியின் விருப்பம் என்று அந்த வழிகாட்டுதல் சொல்கிறது. "இந்தக் கடைக்குத்தான் அனுப்புவோம்" என்று யாராவது சொன்னால், சீட்டு என் போனுக்கு வரட்டும் என்று தாராளமாகக் கேட்கலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போனால் எட்டு நாள், பத்து நாள் கடலில்தான். காலையில் 24 யூனிட், ராத்திரி 16 யூனிட் போடுகிறார். போன முறை சீட்டில் ஒரு பாட்டில் என்று இருந்ததால் கடையில் ஒன்றுதான் கொடுத்தார்கள். நடுக்கடலில் தீர்ந்தால் என்ன செய்வது அக்கா? படகில் ஐஸ் இருக்கிறது, மருந்து கெடாது என்கிறார். சரியா?
— ஒரு வாசகி, காசிமேடு

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் தங்கச்சி. கடைக்காரர் மேல் கோபப்படாதீர்கள். சீட்டில் எழுதிய மொத்த அளவுக்கு மேல் அவர் கொடுக்க முடியாது. குறை சீட்டில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 40 யூனிட். நம் ஊரில் சிரிஞ்சில் எடுத்துப் போடும் பாட்டில் பெரும்பாலும் 10 மில்லி, மில்லிக்கு 40 யூனிட், ஆக மொத்தம் 400 யூனிட். சரியாகப் பத்து நாளைக்கு வரும். பத்து நாள் தொழிலுக்குப் போகிறவருக்கு ஒரே ஒரு பாட்டில் என்றால், கை தவறி விழுந்து உடைந்தாலோ, மீன் கிடைக்காமல் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினாலோ கையில் எதுவும் இருக்காது. டாக்டரிடம் வேலையைச் சொல்லுங்கள். "கடலுக்குப் போகிறார், பத்து நாள் கரையில் இருக்க மாட்டார்" என்று சொன்னால் மாதத்துக்கு மூன்று பாட்டில், கைவசம் ஒன்று என்று எண்ணிக்கையோடு எழுதித் தருவார். நாளுக்கு இரண்டு ஊசி என்பதால் சிரிஞ்சின் எண்ணிக்கையையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். போனில் பேசி வாங்கும் சீட்டாக இருந்தாலும் இதையெல்லாம் கேட்டு வாங்குங்கள்.

ஐஸ் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது தவறு, இதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்சுலின் உறையக் கூடாது. மீன் வைக்கும் ஐஸில் பாட்டிலைப் புதைத்தால் உறைந்துவிடலாம். ஒரு முறை உறைந்தது திரும்ப உருகினாலும், பார்க்க நன்றாக இருந்தாலும், அதைப் போடக் கூடாது. கடலில் சுகர் ஏன் இறங்கவில்லை என்று தெரியாமலே தவிப்பார். திறக்காத பாட்டிலுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். திறந்து போட்டுக்கொண்டிருக்கும் பாட்டில் 30 டிகிரிக்குள் இருந்தால் நான்கு வாரம் தாங்கும், அதற்கு ஐஸே தேவையில்லை. ஆனால் எஞ்சின் பக்கம் வைக்கக் கூடாது, வெயில் படும் கண்ணாடி ஓரமும் வேண்டாம். ஒரு டப்பாவில் துணி சுற்றி, டிரைவர் நிற்கும் அறையில் நிழலான மூலையில் வைக்கலாம். கைவசப் பாட்டிலை வாய் அகன்ற பிளாஸ்கில் வைத்து, ஈரத்துணி சுற்றிய சின்ன ஐஸ் துண்டை ஒரு கவரில் போட்டு, பாட்டிலில் நேராகப் படாமல் வையுங்கள். இரண்டு பாட்டிலையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம்.

வலை இழுக்கும்போது சாப்பாடு தள்ளிப்போகும், ஊசியும் போட்டிருப்பார். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் அது லோ சுகர். சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். கூடப் போகிறவர்கள் இரண்டு பேருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். மறைக்கும் விஷயமில்லை இது.

இன்னொரு யோசனை. போனிலேயே தொடர்ந்து பார்க்கிற டாக்டர், நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்குப் பேசினால்தான் அது தொடர் ஆலோசனைக் கணக்கில் வரும். அதற்கு மேல் போனால் முதல் முறை பார்ப்பது போலத்தான். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகு கரையில் நிற்கும்போது, தடைக்காலம் முடியும் ஜூனில் நேரில் ஒரு முறை காட்டிவிட்டால் டிசம்பர் வரை போனில் ஓட்டலாம். டிசம்பரில் புயல் எச்சரிக்கையில் எப்படியும் சில நாள் கரையில் இருப்பார். அப்போது இன்னொரு முறை போய் வாருங்கள். கால், கண், சிறுநீர் பரிசோதனைகளையும் அந்த நாட்களிலேயே முடித்துவிடலாம்.

கேள்வி: ஸ்ட்ரிப், ஊசி, குளூக்கோமீட்டர் வாங்க சீட்டு வேண்டுமா?
— பி.எஸ்., பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: சுகர் பார்க்கும் மிஷின், ஸ்ட்ரிப், விரலில் குத்தும் லான்செட் எதற்கும் சீட்டு தேவையில்லை. இன்சுலின் சிரிஞ்சும், பேனா மாதிரியான இன்சுலின் பென்னில் மாட்டும் ஊசியும் ஷெட்யூல் எச் மருந்துகள் அல்ல. தெரியாத ஆள் வந்து சிரிஞ்சு கேட்டால் சில கடைகளில் கேள்வி கேட்பார்கள், நானும் கேட்பேன். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபீசிலோ இன்சூரன்சிலோ பணம் திரும்பப் பெறுவதானால் மட்டும் ஸ்ட்ரிப்பையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். "சுகர் ஸ்ட்ரிப்" என்று பொதுவாக இல்லாமல், எந்த மிஷினுக்கு, நாளைக்கு எத்தனை முறை, மாதத்துக்கு எத்தனை என்று இருக்கட்டும். ஒரு மிஷினின் ஸ்ட்ரிப் இன்னொன்றுக்குச் சேராது. 2025 செப்டம்பர் 22 முதல் மிஷினுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் டாக்டர். அங்கே கம்ப்யூட்டரில் எழுதிய உடனே சீட்டு நேராக மருந்துக்கடைக்குப் போய்விடுகிறது, ஸ்ட்ரிப்புக்குக்கூட அப்படித்தான் என்கிறாள். எனக்கும் ஒரு மின்சீட்டு அனுப்பினாள். பெரம்பூரில் ஒரு கடையிலும் எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் டாக்டர்தானே?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

பதில்: ஐயா, மகளின் படிப்பில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இங்கே கடையில் செல்லும் சீட்டை எழுத, இந்திய மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ள டாக்டராக இருக்க வேண்டும். அமெரிக்க உரிமம் இங்கே செல்லாது. நான் முன்னே சொன்ன தொலைமருத்துவ வழிகாட்டுதலும் இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் ஆலோசனைக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. பெரம்பூர்க் கடைக்காரர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

அங்கே ஸ்ட்ரிப்புக்குச் சீட்டு எதற்கு என்று யோசித்தால் இந்த வித்தியாசம் புரியும். சொந்தக் காசில் வாங்கினால் அங்கேயும் ஸ்ட்ரிப்புக்குச் சீட்டு வேண்டாம். முதியோருக்கான மெடிகேர் காப்பீடு பணம் கட்ட வேண்டுமானால்தான் சீட்டு. இன்சுலின் போடுகிறவரா, எந்த மிஷின், நாளைக்கு எத்தனை முறை பார்க்க வேண்டும் என்றெல்லாம் டாக்டர் அதில் எழுத வேண்டும். இன்சுலின் போடுகிறவருக்கு மூன்று மாதத்துக்கு 300 ஸ்ட்ரிப், போடாதவருக்கு 100 என்று பொதுவான அளவு வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். கடைக்காரர் தானாக அனுப்பிவிட்டு பில் போட முடியாது, ஒவ்வொரு முறையும் நோயாளி கேட்டால்தான் கொடுக்க வேண்டும். மெடிகேரில் ஒரு வகை இன்சுலினுக்கு 2023 முதல் மாதம் 35 டாலருக்கு மேல் நோயாளி கட்ட வேண்டியதில்லை. நமக்கு ஸ்ட்ரிப் பெரும்பாலும் கைக்காசில்தான், அதனால் யாரும் சீட்டுக் கேட்பதில்லை. எத்தனை முறை சுகர் பார்க்க வேண்டும் என்பதை டாக்டர் எழுத வேண்டும் என்ற அந்த ஒரு விஷயம் மட்டும் இங்கேயும் வந்தால் நன்றாக இருக்கும். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும் என்கிற நிலையில் இருப்பவர் பயத்தில் தினம் நான்கு ஸ்ட்ரிப் செலவழிப்பதையும், தினம் பார்க்க வேண்டியவர் காசில்லாமல் விட்டுவிடுவதையும் நான் தினமும் பார்க்கிறேன்.

மகளின் கருத்து வீணாக வேண்டாம். அவர் அனுப்பியதை ஒரு கடிதமாக எடுத்துப்போய் இங்கே உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள். இருவரும் போனில் பேசிக்கொண்டால் இன்னும் நல்லது. சீட்டு இங்குள்ளவர் கையெழுத்தில் வரட்டும்.

கேள்வி: அம்மா பல வருடமாக பாட்டிலும் சிரிஞ்சுமாக இன்சுலின் போடுகிறார். இந்த முறை டாக்டர் கம்ப்யூட்டரில் அடித்த சீட்டில் அதே மருந்தின் பெயர், ஆனால் கார்ட்ரிட்ஜ் (பென்னுக்குள் போடும் மருந்துக் குழாய்) என்று இருந்தது. கடையிலும் அதையே கொடுத்தார்கள். பென் எங்களிடம் இல்லை. பழைய சிரிஞ்சால் கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்துப் போடலாமா?
— வி.டி., வியாசர்பாடி

பதில்: போடாதீர்கள் தம்பி. இந்தப் பதிலைப் படிப்பதற்குள் போட்டிருந்தால் அம்மாவின் சுகரை உடனே பாருங்கள், டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இங்கே போடுகிறேன்.

பாட்டிலில் மில்லிக்கு 40 யூனிட், கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட். அம்மாவின் சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்காகக் கோடு போட்டது. அதில் 20 யூனிட் கோடு வரை இழுத்தால் அரை மில்லி. கார்ட்ரிட்ஜ் மருந்தில் அரை மில்லி என்றால் 50 யூனிட். 20 போட வேண்டியவர் உடம்பில் 50 இறங்கும். உயிருக்கே ஆபத்து. தலைகீழாக, 100க்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 40 மருந்தை எடுத்தால் 20 என்று நினைத்து 8தான் போட்டிருப்பார். சுகர் ஏறிக்கொண்டே போகும். மூடியின் நிறத்தையும், சிரிஞ்சின் மேல் 40 என்றிருக்கிறதா 100 என்றிருக்கிறதா என்பதையும், பாட்டிலில் அச்சிட்ட எண்ணையும் ஒவ்வொரு முறையும் சேர்த்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் சீட்டு வந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். கையெழுத்துச் சீட்டில் '10' என்று எழுதிப் பக்கத்தில் யூனிட்டுக்கான ஆங்கில 'யு' எழுத்தை ஒட்டிப் போட்டால் அது சைபர் மாதிரி தெரியும், 10 என்பது 100 ஆகிவிடும். உலகம் முழுக்க இன்சுலினில் நடந்திருக்கும் தவறு இது. அச்சில் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் அச்சில் வேறு ஒன்று வந்திருக்கிறது. திரையில் மருந்தின் பெயரில் முதல் நான்கு எழுத்தை அடித்ததும் ஒரு வரிசை விழும். பாட்டில், கார்ட்ரிட்ஜ், 30/70 கலவை, 50/50 கலவை எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். விரல் ஒரு வரி தள்ளிப் பட்டால் போதும், தப்பான மருந்து அழகாக அச்சாகி வந்துவிடும். தெளிவாக அச்சானதை நோயாளியும் சந்தேகிப்பதில்லை, கடையில் இருப்பவரும் சந்தேகிப்பதில்லை. அதனால்தான் நான் இன்சுலின் சீட்டு எதுவாக இருந்தாலும் "இப்போது எதில் போடுகிறீர்கள்? பழைய அட்டைப் பெட்டி இருக்கிறதா?" என்று கேட்காமல் கொடுப்பதில்லை.

பெட்டியைப் பிரிக்காமல் கடைக்கு எடுத்துப் போங்கள். ஆனால் கடைக்காரரே பேனாவால் திருத்தி பாட்டில் கொடுக்க முடியாது. எழுதியதை விட்டு வேறொன்றைக் கொடுக்க விதியில் இடமில்லை. டாக்டருக்குப் போன் செய்து திருத்திய சீட்டை மெசேஜில் வாங்குங்கள். போனில் சீட்டு அனுப்புவது இந்த மாதிரி நேரத்துக்குத்தான் பெரிய உதவி.

ஒருவேளை டாக்டர் தெரிந்தேதான் பென்னுக்கு மாற்றியிருந்தால், கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். கார்ட்ரிட்ஜ் 3 மில்லி, 300 யூனிட். நாளுக்கு 40 யூனிட் என்றால் மாதம் 1200, நான்கு கார்ட்ரிட்ஜ் போதும் என்று கம்ப்யூட்டர் போட்டுவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஊசி நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்க்க 2 யூனிட் வெளியே விட வேண்டும். நாளுக்கு இரண்டு ஊசி என்றால் 4 யூனிட் கூடுதல். 27ஆம் நாளோடு மருந்து தீர்ந்துவிடும். ஐந்து என்று எழுதி வாங்குங்கள். பென் ஊசியின் நீளத்தையும் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 4 மில்லிமீட்டர் ஊசியே போதும்.

கேள்வி: மணலிக்கு வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து தருகிறீர்கள். மீஞ்சூருக்கு ஏன் மாட்டேன் என்கிறீர்கள்? நடக்க முடியாத 76 வயதுக்காரன் நான்.
— மீஞ்சூர் வாசகர்

பதில்: உங்களை அலைய விட எனக்கு மனமில்லை ஐயா. ஆனால் 2020 மார்ச் 26 அன்று மத்திய அரசு வெளியிட்ட வீட்டு விநியோக அறிவிப்பு, கடை இருக்கும் அதே வருவாய் மாவட்டத்துக்குள்தான் கொடுக்கச் சொல்கிறது. 2018இல் எல்லையை மாற்றியபோது மணலி சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. மீஞ்சூர் திருவள்ளூர் மாவட்டம். உங்கள் பக்கத்துக் கடையிலேயே கேளுங்கள். மின்னஞ்சலில் சீட்டு வாங்கி வீட்டுக்குக் கொடுக்க அவர்களுக்கும் அதே வழி இருக்கிறது. நாள்பட்ட நோய்க்கான சீட்டு என்றால் எழுதிய 30 நாளுக்குள் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். கொண்டுவரும்போது இன்சுலின் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து வாங்குங்கள், சூடாக இருந்தால் திருப்பிவிடுங்கள். சுகர், பிரஷர் மாத்திரைகளுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் வீட்டுக்கே வருவார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, டைப் 1 சுகர் (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை). போன மாதம் ஞாயிறு இரவு பாட்டில் உடைந்துவிட்டது. சீட்டு தேதி முடிந்தது என்று இரண்டு கடையில் கொடுக்கவில்லை. மூன்றாவது கடையில் அழுது வாங்கினேன். இப்படிப்பட்ட நேரத்தில் விதி பார்க்கலாமா?
— ஒரு தாய், புளியந்தோப்பு

பதில்: இதற்குப் பதில் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. 2003இல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பாட்டி தன் பேரனுக்காக வந்தார். பதினொரு வயதுப் பையன், அவனுக்கும் டைப் 1. சீட்டு நான்கு மாதப் பழசு, மடிப்பில் கிழிந்திருந்தது. "புதுச் சீட்டு வாங்கிட்டு வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். பாட்டி ஒன்றும் பேசாமல் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தெருக்காரர் சொல்லித்தான் தெரிந்தது, பையனைத் தீவிர சிகிச்சையில் வைத்திருக்கிறார்கள் என்று. பிழைத்துவிட்டான். விதிப்படி நான் செய்தது சரிதான். ஆனால் இன்சுலின் இல்லாமல் அந்தக் குழந்தையால் இரண்டு நாள் தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்தவள் அந்தக் கவுண்டரில் நான் ஒருத்திதான். பாட்டிக்கு அது தெரியாது. "இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை.

விதி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பழைய அளவையே போட்டு மயங்கி விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்சுலின் கேட்டு வந்தவரை "இல்லை" என்று மட்டும் சொல்லி யாரையும் அனுப்பக் கூடாது. 2003இல் இல்லாத ஒன்று இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் கவுண்டரிலிருந்தே டாக்டருக்குப் பேசுகிறேன். கையெழுத்துப் போட்ட சீட்டைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள், பத்து நிமிட வேலை. டாக்டர் கிடைக்காவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவு எது அருகில் என்று சொல்லி, ஆட்டோவில் ஏற்றிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகில்தான். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும், ஞாயிறும் உண்டு. பேராசிரியர் மா. விசுவநாதன் 1948இல் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இன்சுலின் இல்லை என்று சொல்லிக்கொண்டு அங்கே போகத் தயங்கவே வேண்டாம். பையன் வாந்தி எடுத்தாலோ, வயிறு வலிக்கிறது என்றாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ கடை தேடாதீர்கள், நேராக அங்கே போங்கள். சாப்பிடவில்லை, காய்ச்சல் என்றாலும் நீங்களாக இன்சுலினை நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்டு அளவைத்தான் மாற்ற வேண்டும்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள் அம்மா. டாக்டரிடம் அடுத்த மூன்று மாதத்துக்கு, மாதா மாதம் கொடுக்கலாம் என்று எழுதிய சீட்டு வாங்குங்கள். மாதத் தேவைக்கு மேல் ஒரு பாட்டில் கூடுதலாக அதிலேயே இருக்கட்டும். சீட்டின் முழுப் படம் உங்கள் போனிலும் அவன் அப்பா போனிலும் இருக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் இன்சுலின் பெயர், 40ஆ 100ஆ, காலை, மதியம், இரவு எத்தனை யூனிட், டாக்டரின் போன் நம்பர், இவ்வளவையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அவன் பள்ளி டீச்சரிடமும் ஒன்று கொடுங்கள். கூடுதல் பாட்டிலை ஃப்ரீஸர் பக்கம் தள்ளாமல் நடுத்தட்டில் வையுங்கள், பழையதை முதலில் எடுங்கள். அந்த மூன்றாவது கடைக்காரரிடம் ஒரு நாள் போய், பையன் நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வாருங்கள். புதுச் சீட்டையும் அவரிடம் காட்டி வையுங்கள்.